பிரீசருக்குள் வைத்த சாவி

ரமணி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சமையலறைக்குப் போவாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, தலையை லேசாகச் சாய்த்து, அது போடும் சத்தத்தைக் கேட்பாள். பிறகு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வாள். ஐந்து வருடமாக இதைப் பார்த்துவருகிறேன். என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே என் அம்மாவிடம், "ஆன்ட்டி, ஒங்க பிரிட்ஜ் ரொம்ப நாள் ஓடாது லா" என்றாள். நல்ல நாளில் பேசுகிற பேச்சா என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தார். மூன்றாம் மாதம் பிரிட்ஜ் நின்றுபோனது.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் திரைப்படமும் டிஜிட்டல் ஊடகத் தயாரிப்பும் படித்தோம். இரண்டு குடும்பத்திலும் பட்டப்படிப்பு வரை போன முதல் ஆட்கள் நாங்கள்தான். ரமணியின் அப்பா பிச்சைமுத்து பிறை தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். சிம்பாங் அம்பாட்டில் வீடு. மகள் படம் எடுக்கப் படிக்கப் போகிறாள் என்று சொன்னபோது, "அதான் போன்லயே எடுக்குறாங்களே, அதுக்கு மூணு வருஷமா?" என்றாராம். அவள் படம் எடுக்கப் போகவில்லை. சத்தம் பிடிக்கப் போனாள். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று அவளுக்கே தெரியவில்லை.

சத்தத்தின் மேல் அவளுக்கு எப்போது பிடிப்பு வந்தது என்று ஒருமுறை கேட்டேன். பதினைந்து வயதில், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி ஊளையிட்டுக்கொண்டே இருந்ததாம். கமிட்டிக்காரர்கள் பெட்டியின் பொத்தானை எல்லாம் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரமணி மேடையில் ஏறி, ஸ்பீக்கரைப் பார்த்து நின்ற மைக்கை மறுபக்கம் திருப்பி வைத்தாள். ஊளை நின்றது. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. பொம்பளப் பிள்ளை கேட்காமல் மேடை ஏறியதற்காகக் கமிட்டித் தலைவர் அவள் அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டினார். "சத்தம் நின்னுச்சா இல்லையானு யாருமே பேசல, நேசா" என்றாள் என்னிடம். அப்போது இருவரும் சிரித்தோம். அதே கதை பல்கலைக்கழகத்தில் இன்னொரு முறை நடக்கும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

பிரிட்ஜ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வீட்டில் ஓடும் பிரிட்ஜின் இரைச்சல் நம் காதுக்குப் பழகிவிடும். மைக்குக்குப் பழகாது. ஒரு காட்சியில் அது ஓடி, அடுத்த காட்சியில் நின்றிருந்தால், இரண்டையும் ஒட்டும்போது ஒட்டிய இடம் காதில் இடிக்கும். அதனால் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பிரிட்ஜை நிறுத்திவைப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும் அவசரத்தில் மறுபடி போட மறந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்களின் சாமான் கெட்டுவிடும். இதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தங்கள் வண்டிச் சாவியைப் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவி எடுக்கப் போகும்போது சுவிட்சைப் போட்டுவிடலாம்.

ரமணி இதை முதல் செமஸ்டரில் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவளுடைய மோட்டார் சைக்கிள் சாவியில் சிவப்பு பிளாஸ்டிக் மிளகாய் ஒன்று தொங்கும். எத்தனையோ வீடுகளில் முட்டைக்கும் மீனுக்கும் நடுவே அந்த மிளகாய் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த சாவியைக் கையில் வாங்கியதும், "போட்டாச்சு, போலாம்" என்பாள். சாவி கையில் இருந்தால் பிரிட்ஜ் ஓடுகிறது. அவளுக்கு அதில் சந்தேகமே வராது.

கடைசி வருடப் படத்தை எங்கள் குழு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் எடுத்தது. வினோதன் இயக்குநர். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா வழக்கறிஞர். நல்ல கேமராவை அவனே வாங்கிக்கொண்டு வந்தான். நான் உதவி இயக்குநர், எடிட்டிங்கும் என்னுடையது. ரமணி சவுண்ட். கதை, விடியற்காலையில் எழுந்து தனியாகச் சமைத்து விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. பேச்சு மிகக் குறைவு. சமையலறையின் அமைதிதான் படம்.

வீடு வடிவம்மாள் அக்காவுடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். உருளைக்கிழங்குக் கறியை மாவில் வைத்து மடித்துப் பொரிக்கும் கறிபாப் செய்து, மூன்று கடைகளுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் போடுகிறவர். கூடத்தில் பெரிய பிரீசர் ஒன்று வைத்திருந்தார். மடித்த கறிபாப்பைப் பொரிக்காமல் அதில் உறையவைத்து, வேண்டும்போது எடுத்துப் பொரிப்பார். வினோதன் வீட்டைக் கேட்டபோது காசு எதுவும் வாங்கவில்லை. "ஒரு சினிமாக்காரனும் இந்த மாடிக்கு ஏறி வந்ததில்ல. எடுத்துட்டுப் போங்க. ஆனா என் பெட்டில கைய வைக்காதீங்க" என்றார். திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்கு அறுநூறு கறிபாப் மடித்து அந்தப் பெட்டியில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் வீட்டை எங்களிடம் கொடுத்துவிட்டு, நிபோங் திபாலில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினார். போகும்போது ரமணியிடம் மட்டும் தனியாகச் சொன்னார். "பாப்பா, சத்தத்துக்காக சுவிட்ச அடைக்கணும்னா அடைச்சுக்க. மூடியத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் தாங்கும். அப்புறம் போட்டுரணும்."

"போட்டுருவேன் அக்கா. சாவிய உள்ள வச்சிட்டுதான் அடைப்பேன்."

"சாவியையா? ஐஸ்ல வச்சா மோட்டருக்கு சளி பிடிக்காது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு ரமணி பிரீசரை நிறுத்தினாள். சாவியை உள்ளே வைத்தாள். இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்க வேண்டும். வினோதன் விடவில்லை. வெளிச்சம் போகிறது, இன்னும் ஒரு ஷாட், இன்னும் ஒரு ஷாட் என்று மூன்று மணி ஆகிவிட்டது. எல்லாருக்கும் பசி. வினோதன் என் காதில் சொன்னான்: "நேசா, கீழ போய் எல்லாருக்கும் நாசி கண்டார் சோறு புங்குஸ் கட்டிட்டு வாடா. என் காடிய எடுத்தா பார்க்கிங் போயிரும். ரமணி மோட்டர எடுத்துக்க."

ரமணி அப்போது உள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீண்ட கோலில் மைக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கூப்பிட்டால் ஷாட் கெட்டுவிடும். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரீசரைத் திறந்து, மிளகாயைப் பிடித்து எடுத்து, மெதுவாக மூடினேன். சத்தம் வராமல் மூடிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பாட்டோடு திரும்பி வந்தபோது மற்றவர்கள் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். ரமணி மட்டும் உள்ளே வெறும் அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும், எனக்காகத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சாவியை அவள் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் போட்டேன். பிரீசருக்குள் திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அது வெறும் வண்டிச் சாவி.

ஐந்து மணிக்கு முடிந்தது. பொருட்களை ஏழு மணிக்குள் கருவிக் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வினோதன் விரட்டினான். ரமணி கேபிளைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கை பாக்கெட்டுக்குள் போனது. சாவி தட்டுப்பட்டது. "போட்டாச்சு, போலாம்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஞாயிறு மதியம் வடிவம்மாள் அக்கா வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். அதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. அறுநூறு கறிபாப்பையும் குப்பையில் கொட்டினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போய் நின்று பேச்சு வாங்கினார். அந்தப் பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை விரிவுரையாளர் டாக்டர் சந்திரசேகரன் எங்களை அறைக்கு அழைத்தார். விசாரணை என்று பெயர். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பிரீசரை அடைச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ரமணி.

"திருப்பிப் போட வேண்டியது யாரு?"

"நான்தான் சார். ஆனா சாவி என் பையில இருந்துச்சு சார். உள்ளதான வச்சேன், அது எப்படி..."

"சாவிக் கதையெல்லாம் எனக்கு வேணாம்மா. போட்டியா, போடலையா?"

"போடல."

"அவ்வளவுதான."

அவ்வளவுதானா? படம் எப்படிப் பார்ப்பது, ஒரு காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்று மூன்று வருடம் பாடம் நடத்திய மனிதர் அவர். உள்ளே வைத்த சாவி வெளியே எப்படி வந்தது என்ற ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பேரின் பெயர் வந்திருக்கும். அதில் ஒருவனின் அப்பா துறை விழாக்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிறவர். இது நானாகக் கற்பனை செய்வதாகவும் இருக்கலாம். அவர் வெறுமனே சோம்பேறியாக இருந்திருக்கலாம். எது என்றாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

என் வாயை யார் கட்டினார்கள்? அறைக்கு வெளியே, உள்ளே போவதற்கு முன்பே, வினோதன் என்னைப் பிடித்து நிறுத்தினான். "குரூப் மார்க்குடா. ஒருத்தர் மேல தப்புன்னா ஒரு பேப்பரோட போகும். மூணு பேர் மேல தப்புன்னா படமே போச்சு. ஒங்கம்மா பேக்டரி முழுக்க சொல்லி வச்சிருக்காங்களே, கான்வகேஷன் சேலைகூட வாங்கிட்டாங்கன்னு சொன்னியே?"

"நீதான போகச் சொன்ன?"

"மோட்டர எடுக்கச் சொன்னேன். சாவிய எங்கேருந்து எடுக்கணும்னு சொன்னேனா?"

அவனைத் திட்ட எனக்கு இன்றும் வார்த்தை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த அறையில் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சேலைக் கதையை அவன் சொல்லியிருக்காவிட்டால் நான் பேசியிருப்பேனா? தெரியவில்லை. பேசியிருப்பேன் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது.

ரமணிக்கு ஒலிப் பாடத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதைவிடப் பெரியது, கோலாலம்பூரில் ஓர் ஒலிக்கூடத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் பேசி வைத்திருந்தது. விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சந்திரசேகரன் கொடுக்கவில்லை. "பொறுப்பில்லாத ஆளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். அந்த ஆண்டு வகுப்பில் கருவிக் கிடங்கிலிருந்து எடுத்த பேட்டரியைக்கூட முழுதாகச் சார்ஜ் செய்து திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் ரமணி.

அவள் வடிவம்மாள் அக்காவின் வீட்டுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. மற்ற யாரும் போகவும் இல்லை. கொடுத்த பணத்தை அக்கா வாங்க மறுத்துவிட்டார். செமஸ்டர் விடுமுறை முழுக்கத் தினமும் விடியற்காலையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலத்தைக் கடந்து போய் அவருடன் உட்கார்ந்து கறிபாப் மடித்தாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, சொல்லவில்லை.

"பாரு தம்பி, டிகிரி படிச்ச பிள்ள. ஓரத்த முறுக்கத் தெரியல. கயிறு திரிக்கிற மாதிரி திரிக்குது" என்றார் அக்கா.

"நேத்து நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"நேத்து நீ அழுதுட்டிருந்த, அதனால சொன்னேன்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கறிபாப்பு போச்சு, விடு. என் வீடு சினிமால எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். இங்கயே, இந்தக் கூடத்துலயே போட்டுக் காட்டுவியா? எம் பேரும் வரும்தானே?"

"வரும் அக்கா. நான் கொண்டாந்து காட்டுறேன்" என்றாள் ரமணி.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய நாள்காட்டி தொங்கியது. படம் விழுவதற்கு இடம் வேண்டும் என்று அக்கா அதை அன்றைக்கே கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனார்.

படம் நான்கு விழாக்களுக்குப் போனது. ஒன்றில் பரிசு. நடுவர்கள் எழுதிய குறிப்பை வினோதன் எல்லாருக்கும் அனுப்பினான். "அந்தச் சமையலறையின் அமைதி பார்வையாளரை விடாமல் பிடித்துக்கொள்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்த அமைதியைப் பிடித்தவள் யார்? அதற்கு அறுநூறு கறிபாப்பையும் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்டரையும் கொடுத்தவர் யார்? ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் திரையிட்டபோது கடைசியில் ஓடிய பெயர்களில் இரண்டையும் தேடினேன். ஒலி வடிவமைப்பு என்று வினோதனின் மாமா மகன் பெயர் வந்தது. சத்தத்தின் அளவுகளைக் கடைசியில் சரிசெய்தவன் அவன். ரமணியின் பெயர் ஒலி உதவி என்று கீழே, தேநீர் வாங்கிக் கொடுத்தவர்களின் பெயர்களோடு. வடிவம்மாள் என்ற பெயர் எங்குமே இல்லை. ஏழைப் பெண்ணின் குரல் யாருக்கும் கேட்பதில்லை என்று மேடையில் நின்று வினோதன் பேசினான். கைத்தட்டினார்கள்.

பெயர்ப் பட்டியலைப் படத்தோடு ஒட்டியவன் நான். வினோதன் அனுப்பிய கோப்பை அப்படியே ஒட்டினேன். படித்துப் பார்க்காமல் ஒட்டினேன் என்று சொன்னால் பொய்.

போன ஆண்டு புது மாணவர்களுக்கு எடிட்டிங் மென்பொருளைக் காட்டித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டம் வாங்கியதிலிருந்து கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருப்பவனுக்கு அதுவே பெரிய அழைப்பு. சந்திரசேகரன் திரையில் ஒரு பிரிட்ஜ் படத்தைப் போட்டார். "ஒரு சவுண்ட் கேர்ள் இருந்தா. இதப் போட மறந்தா. ஒரு வீட்டையே நாறடிச்சா" என்றார். நூறு பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுடைய மூன்று வருடம் அந்தத் துறையில் இப்படித்தான் மிஞ்சியிருக்கிறது, ஒரு வேடிக்கைப் படமாக. எழுந்து பேசியிருக்கலாம். மதிய உணவு கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

ரமணி இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். இயந்திர இரைச்சல் அதிகம் என்று எட்டு மணி நேரமும் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் பெயர்ப் பட்டியலை மாற்றிச் செய்தேன். பத்து நிமிட வேலை. ஒலி: ரமணி பிச்சைமுத்து. நன்றி: வடிவம்மாள், வீட்டையும் சமையலறையையும் தந்தவர். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குப் போய், ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் சாப்பாட்டுக் கடையில் வைத்துக் காட்டினேன். வினோதனைக் கேட்டாயா என்று அவள் கேட்கவில்லை. இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம சுத்திட்டிருக்கேன். பேரு இல்லாத படத்த எப்படிப் போட்டுக் காட்டுறது? அவங்க தமிழ் நல்லா வாசிப்பாங்க லா. கடைசி எழுத்து வரைக்கும் பாப்பாங்க."

"இப்பதான் இருக்கே. எடுத்துட்டுப் போ."

அவள் கணினியை என் பக்கம் தள்ளினாள். "நான் மட்டும் போக மாட்டேன். படம் முடிஞ்சதும் அவங்க கேப்பாங்க, அன்னிக்கு என்னதான் ஆச்சு பாப்பான்னு. எப்பவும் கேப்பாங்க. மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நான் மறந்த மாதிரி ஆயிருச்சு."

நான் மடிக்கணினியை மூடப் போனேன்.

"மோட்டர் மீட்டர்ல ஆறு கிலோமீட்டர் ஏறியிருந்துச்சு நேசா. ஹெல்மெட்ல கறி வாசன. அன்னிக்கு வீட்டுக்குப் போறப்பவே எனக்குத் தெரியும், யாரோ எடுத்திருக்காங்கன்னு. பிரீசர் போடலன்றது மட்டும் அப்ப தெரியாம போச்சு."

"ஏன் என்னக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம வா. நீ சொல்லு. நான் படத்தப் போடுறேன்" என்றாள்.

முதல் ஞாயிறு புக்கிட் மெர்தாஜத்தில் கல்யாண வேலை இருந்தது. உண்மையாகவே இருந்தது. இரண்டாவது ஞாயிறு இருந்ததாகச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. ஒரு போட்டோ மட்டும் அனுப்பினாள். அன்றைக்கும் கறிபாப் மடிக்கப் போயிருக்கிறாள் போல. வடிவம்மாள் அக்காவின் கூடத்துச் சுவர், நடுவில் ஓர் ஆணி, அதைச் சுற்றி நாள்காட்டி தொங்கிய இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

ரமணி கொடுத்த வாக்கு அது. இரண்டு வருடமாக நிறைவேறாமல் கிடக்கிறது. படம் என்னிடம் இருக்கிறது.